ஊசி நூல் உறவுகள் – குடும்பக் குழு

கவிதா: அத்தை, சூடான பாத்திரம் இறக்க ஒரு பிடிதுணி தைக்கிறேன். எட்டுக்கு எட்டு இஞ்ச். உள்ளே பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு வைத்து, கட்டம் கட்டமாக ஓட்டியாச்சு. ஓரத்துக்குக் கடையில் ரெடிமேட் பட்டி வாங்கட்டுமா?
[படம்]

சரோஜா அத்தை: கட்டமெல்லாம் நேராக வந்திருக்கிறது! பட்டி வாங்காதே. கடைப் பட்டியில் நிறைய பாலியஸ்டர் கலந்ததுதான். அடுப்புச் சூட்டில் உருகிவிடும். காட்டன் பிளவுஸ் பிட்டில் கிராஸாக, அதாவது துணியின் மூலைவாட்டில் சாய்வாக, வெட்டிக்கொள்.

உமா அக்கா: கிராஸ் வெட்டினால் துணி சேதாரம் அதிகம் அத்தை. சுற்றளவு 32 இஞ்ச்தானே? 44 இஞ்ச் அகலத் துணியில் நேராக ஒரே பட்டி போதுமே.

சரோஜா அத்தை: நான்கு மூலையும் சதுரமென்றால் நீ சொல்வது சரி உமா. படத்தைப் பார், கீழ் மூலை இரண்டையும் வளைத்து வெட்டியிருக்கிறாள். நேர்ப்பட்டி அங்கே படியாது, சுருக்கம் விழும். கவிதா, 2 இஞ்ச் அகலம் போதும். இரண்டாக மடித்து அயர்ன் செய்து, முன்பக்கம் கால் இஞ்ச் உள்ளே தை.

மணி மாமா: ஆணியில் மாட்ட காது வேண்டாமா?

சரோஜா அத்தை: ஆமாம், அதை முதலிலேயே வைக்க வேண்டும். 4 இஞ்ச் நாடாவை மடித்து, மேல் மூலையில் பின்பக்கம் இரண்டு தையல் போட்டு நிறுத்து. பட்டியைத் திருப்பும்போது முனை உள்ளே மறைந்துவிடும்.

கவிதா: சரி அத்தை. பிளவுஸ் கழுத்துக்குத் தைப்பது போலப் பட்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளவா?

சரோஜா அத்தை: கூடவே கூடாது! கழுத்து உள்வளைவு, லேசாக இழுத்தால்தான் உடம்போடு படியும். இது வெளிவளைவு. பட்டி திரும்பும் வெளி விளிம்புக்கு நீளம் அதிகம் வேண்டும். இழுத்துத் தைத்தால் மூலை கிண்ணம் மாதிரி குவிந்துவிடும், எத்தனை முறை அயர்ன் செய்தாலும் படுக்காது. வளைவில் பட்டியை ஊசிப் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொடுத்துத் தை. நேர் ஓரத்தில் இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

கவிதா: மேலே இருக்கிற சதுர மூலை?

சரோஜா அத்தை: மூலைக்குக் கால் இஞ்ச் இருக்கும்போதே நிறுத்தி, பின்தையல் போட்டுத் துணியை வெளியே எடு. பட்டியை நேர் மேலே மடி, அப்புறம் அடுத்த ஓரத்தோடு கீழே மடி. மேல் மடிப்பு துணி விளிம்போடு சரியாகப் பொருந்த வேண்டும். அங்கிருந்து மறுபடி தை. பின்பக்கம் திருப்பினால் மூலை தானாகச் சாய்வு மடிப்பாக விழும்.

உமா அக்கா: முடிவில் இரண்டு முனையும் சேரும் இடம் எனக்கு எப்போதும் தடிக்கிறது அத்தை.

சரோஜா அத்தை: தொடக்க முனையைச் சாய்வாக வெட்டி அரை இஞ்ச் உள்ளே மடித்துவிடு. கடைசி முனையை அதற்குள் செருகு. சாய்வாக இருப்பதால் தடிப்பு ஒரே இடத்தில் குவியாது. மூலைக்குப் பக்கத்தில் மட்டும் தொடங்காதே.

கவிதா: பின்பக்கம் மெஷினா, கையால் எம்மிங்கா?

சரோஜா அத்தை: தினமும் துவைக்கிற பொருள், மெஷின் தையலே போடு. பரிசாகக் கொடுப்பதென்றால் எம்மிங்.

கவிதா: இது அம்மாவுக்கு அத்தை, எம்மிங்தான். பட்டிக்குக் கருநீல பிட் எடுத்தாச்சு.