மறுமொழி: ‘பாஸ்கிங் டெம்பரேச்சர்’ – ‘காய்தள வெப்பநிலை’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஓணான் போன்ற ஊர்வன ஏறிக் கிடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் இடத்தின் சூட்டை ஆங்கிலத்தில் ‘பாஸ்கிங் டெம்பரேச்சர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘காய்தள வெப்பநிலை’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘சூரியக்குளியல் வெப்பநிலை’ போதாதா? புழக்கத்தில் இருக்கும் சொல்தானே.

ஐயா, இந்தச் சொல்லைக் கண்டால் எனக்குப் பயம். மெல்பர்னில் எங்கள் வீட்டில் ஒரு தாடி ஓணான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது. நம்மூர் ஓணானின் குடும்பமேதான், அதனால் பல்லி என்று எழுத வேண்டாம். இதை வளர்ப்பவர்கள் அவ்வப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நிஜமாகவே குளிப்பாட்டுவார்கள். அம்மா கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்த ஒரு பக்கத்தில் ‘குளியல் வெப்பநிலை 40 டிகிரி’ என்று இருந்திருக்கிறது. நான் வேலை முடிந்து வந்தபோது வாளியில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அப்போதுதான் வந்தேன். 40 டிகிரிக் கல்மேல் ஏறிய ஓணான் சூடு போதும் என்றால் இறங்கிப் போய்விடும். அதே சூட்டு நீரில் உடம்பு முழுக்க முங்கியிருந்தால் எங்கே போகும்?

> அப்படியானால் ‘வெயில்காய் வெப்பநிலை’?

அக்கா, வினையைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஓணான் வேலியில் வெயில் காய்கிறது என்றுதானே ஊரில் சொல்கிறோம். ஆனால் கூண்டுக்குள் வெயில் ஏது? ஹாலஜன் விளக்குதான். காய்வதற்கு வெயிலே வேண்டும் என்றும் இல்லை. நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறோம். குறள் 691-இல் ‘தீக்காய்வார்’ வருகிறார்கள். எனவே ‘வெயில்’ போகட்டும், ‘காய்’ மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. காய்ச்சல் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். அமெரிக்கப் பாலைவன இகுவானாக்களைக் கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 1975-இல் வெளியானது. நோய்க்கிருமி ஏறிய இகுவானா வழக்கத்தைவிடச் சூடான இடமாகத் தேடிப் போய்த் தன் உடல் வெப்பத்தைச் சுமார் 2 டிகிரி கூட்டிக்கொள்ளும். அப்படிக் கிருமி ஏற்றியவற்றுள் 40 டிகிரியில் வைத்தவை பெரும்பாலும் பிழைத்தன, 34-இல் வைத்தவை செத்தன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. அவை காய்ந்துதான் காய்ச்சலை வரவழைக்க முடியும். இந்த உறவு தமிழ்ச் சொல்லிலேயே தெரிகிறது, அதை ஏன் விட வேண்டும்?

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். எதனுடைய வெப்பநிலை? இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். தாடி ஓணானுக்கு 40 என்றால் அது கல்லின் மேற்பரப்புக்குரிய எண். அதன் உடம்பு நாடுவது ஏறக்குறைய 35. கூண்டின் குளிர்ந்த மூலையில் காற்று 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரே கூண்டில் மூன்று எண்கள்! முள்வால் உடும்புக்குக் கல் 60 டிகிரி வரை போகலாம் என்று படிப்பவர் விலங்கு வெந்துபோகாதா என்று பதறுகிறார். வேகாது. நண்பகலில் அதன் நாட்டுப் பாறைகளும் அப்படித்தான் கொதிக்கின்றன. அது ஏறி, வயிற்றை அழுத்திக் கொஞ்ச நேரம் கிடந்து, வேண்டிய சூடு ஏறியதும் நிழலுக்கு ஓடிவிடும். கல்லில் சூடு குறைவாக இருந்தால்தான் தொல்லை. நாள் முழுக்க விளக்கடியில் கிடந்தும் உடம்பு சூடேறாது, தோல்தான் வறளும். தின்றதும் செரிக்காது.

ஆரம்பத்தில் நானும் இதில் ஏமாந்தவன்தான். கூண்டோடு கொடுத்த வட்ட வெப்பமானி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. முள் 31-இல் நின்றது. போதாது என்று விளக்கை இறக்கினேன், பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கினேன். ஓணான் அந்தக் கல் பக்கமே போகாமல் எதிர் மூலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இரண்டு நாள் கழித்து அகச்சிவப்பு வெப்பமானியைக் கல்லை நோக்கிப் பிடித்தேன்: 56! வட்ட வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது கண்ணாடியின் சூட்டைச் சொன்னது, நான் அதைக் கல்லின் சூடு என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் இடத்தின் பெயர் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறேன். விலங்கு காயும் இடம் காய்தளம். அந்த மேற்பரப்பின் சூடு காய்தள வெப்பநிலை. மேடை, திட்டு என்றும் யோசித்தேன். கிளையும் காய்தளமாகலாம் என்பதால் அவை ஒட்டவில்லை.

> காய்கறி வைக்கும் தளம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஒற்று மிகாமல் எழுதினால். விளைநிலம், குடிநீர் போல இது வினைத்தொகை. ‘காய்த்தளம்’ என்று ஒற்றுப் போட்டால்தான் நீங்கள் சொல்லும் பொருள் வரும். விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுபவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும்.

பேச்சில் ‘காய்தளச் சூடு’ என்றே சொல்லிக்கொள்ளலாம். அம்மா இப்போது அப்படித்தான் கேட்கிறார்: “காய்தளச் சூடு பாத்தியா?”

அப்புறம், அந்த 35-க்கு, அதாவது விலங்கு தானே நாடித் தக்கவைக்கும் உடல் வெப்பத்துக்கு, ‘உவப்பு வெப்பநிலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘நாடு வெப்பநிலை’ என்றால் தேசம் குறுக்கே வருகிறது. ‘உவப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ‘உடல்’ என்பதையும் முன்னால் சேர்த்தாக வேண்டும். ‘உவப்பு உடல்வெப்பநிலை’ நீளமாகத் தோன்றுகிறதா? சுருக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.