ரோட்டாஹேலருக்குப் பதிலாகப் பம்பும் ஸ்பேசரும்: காரணம் என்ன?

கேள்வி:
என் தாயாருக்கு வயது 72. புகைபிடித்தவர் அல்லர், நெடுங்காலம் விறகடுப்பில் சமைத்ததால் சி.ஓ.பி.டி. (காற்றுக்குழாய்கள் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) வந்திருக்கிறது என்றார்கள். காற்றுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்துத்தூள் அடங்கிய கேப்ஸ்யூலை ரோட்டாஹேலர் என்ற உறிஞ்சு கருவியில் இட்டு உறிஞ்சி வந்தார். அண்மையில் திணறல் கூடியபோது, மருத்துவர் மருந்தை மாற்றாமல் பம்பையும் (அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலர்), அதனுடன் பொருத்தும் பிளாஸ்டிக் அறையான ஸ்பேசரையும் எழுதிக் கொடுத்தார். மருந்து ஒன்றேயானால் கருவியை மாற்றுவதால் என்ன பயன்? திரவ மருந்தை நுண்துளிப் புகையாக்கித் தரும் நெபுலைசரே மேல் என்று உறவினர்கள் கூறுகிறார்கள்.

மறுமொழி 1:
ரோட்டாஹேலருக்குள் மருந்தைத் தள்ளும் விசை எதுவும் இல்லை. நோயாளி வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கும் மூச்சுதான் தூளைக் கலைத்து, சிறு காற்றுக்குழாய்களை எட்டக்கூடிய ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் வரையிலான துகள்களாக்க வேண்டும். முதிய வயதில், அதிலும் திணறும் நேரத்தில், அந்த இழுப்பு வலுவிழப்பதால் தூளில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. பம்பில் மருந்தைப் பீய்ச்சுவது அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயு. அங்கே மெதுவாக, நான்கைந்து விநாடி நீளும்படி இழுத்து, முடிந்தால் 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். ரோட்டாஹேலருக்குப் பழகியவர்கள் பம்பையும் வெடுக்கென்று இழுப்பார்கள். தாயாரிடம் இதை முதலில் கவனியுங்கள்.

மறுமொழி 2:
பம்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும் என்பது பலருக்குக் கைவராத வித்தை. ஸ்பேசர் அந்தச் சிக்கலை நீக்குகிறது: மருந்துப் புகை அறைக்குள் சற்று நிற்பதாலும், பெரிய துளிகள் அதன் சுவரிலேயே தங்கிவிடுவதாலும், தொண்டையில் படிவது குறைகிறது. மூச்சை அடக்க இயலாதவர் இயல்பாக நான்கைந்து முறை சுவாசித்தாலே போதும். பம்பைக் குலுக்கிய பின் ஒரு முறைக்கு ஓர் அழுத்து மட்டுமே. இரண்டைச் சேர்த்து அழுத்திவிட்டு இழுப்பது வீண்.

நெபுலைசரைப் பற்றி: பெரியவர்களுக்கு அதில் ஒரு தடவைக்கு வழக்கமாக 2.5 மில்லிகிராம் சால்பியூட்டமால் இடுகிறார்கள். பம்பின் ஓர் அழுத்தில் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். நெபுலைசர் வலிமையானது என்ற எண்ணத்துக்கும், அதன்பின் வரும் கைநடுக்கம், படபடப்புக்கும் இந்த அளவு ஒரு காரணம். முறையாகப் பயன்படுத்தினால் ஸ்பேசருடன் கூடிய பம்பு பெரும்பாலோருக்கு அதற்குக் குறைந்ததன்று. ஆயினும், கருவியைப் பிடிக்கவே இயலாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கு நெபுலைசரைத்தான் நானும் சொல்வேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்பேசரை எப்படிக் கழுவுவது?

மறுமொழி 2:
வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு அலசி, துணியால் துடைக்காமல் தானாகவே உலர விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.