கலைச்சொல் உதவி: கழற்றி மாற்றக்கூடிய கணினிக்கு ஒரு சொல் (வியாழனுக்குள்)

ஹட்டன் ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த பணத்தில் கணினி அறைக்குப் புது மெஷின் வாங்க வேண்டும், இரண்டு விலைமனு கையில் இருக்கிறது. ஒன்று, திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய மலிவுச் சாமான். றாமும் (தற்காலிக நினைவகம்) சேமிப்புச் சில்லும் போட்டிலேயே, அதாவது தாய்ப்பலகையிலேயே, ஈயம் வைத்து ஒட்டியவை. மற்றது கடையில் பாகங்களை இணைத்துப் பூட்டித் தருவது, ஒவ்வொரு பாகமும் தனித்தனி, விலை கூட. பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு. "ஒருங்கிணைந்த கணினி" என்று போட்டால் அதுதான் உயர்ந்தது போலத் தெரிகிறது. "கூறுநிலைக் கணினி" என்றால் எனக்கே விளங்கவில்லை. தேயிலைக் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வருகிற அம்மாமாருக்கு வாசித்தவுடன் பிடிபட வேண்டும். வியாழன் பின்னேரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், உதவுங்கள்.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், முதலில் கணினியா கணனியா என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பத்திரிகைகள்கூடக் கணனி என்று எழுதிப் பழகிவிட்டன. வேர் 'கணி'; ஆகவே கணினிதான் சரி. வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர் உண்டு. அது பூத்தால் தினை கொய்யும் காலம் வந்துவிட்டது என்று குறிஞ்சி நிலத்தார் கணித்தார்கள். மலையில் இருக்கிற நமக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. கணியன் என்றால் நாளும் கோளும் கணிப்பவன், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு: மட்டுக் கணினி. தமிழ்நாட்டில் மென்பொருள் எழுதுகிறவர்கள் 'மட்டு' என்பதைத் தனித்தனிக் கூறு என்ற பொருளில் கையாள்கிறார்கள். அளவு என்ற பொருளும் அதில் இருக்கிறது.

பதுளை, கணினி திருத்துபவர்:

சேர், மட்டு என்றால் எங்கள் பக்கம் மட்டக்களப்பு. இல்லாவிட்டால் மட்டமான சாமான் என்று நினைப்பார்கள். விலை கூடினதற்குப் போய் அந்தப் பெயரா?

நான் கடையில் சொல்வதைச் சொல்கிறேன். "கழட்டிப் பூட்டலாம்", "கழட்டிப் பூட்ட ஏலாது". இவ்வளவுதான், வாடிக்கையாளர் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மழைக்காலத்தில் திரை வராமல் மெஷின் பீப் பீப் என்று கத்தும். பக்கத் தகட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, றாமின் ஓரக் கிளிப்பை அமுக்கினால் றாம் மேலே எழும்பும். அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, துடைத்து, டக்கென்று சத்தம் கேட்கும்வரை திரும்ப அழுத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஈரப்பதத்தால் வருகிற கோளாறு, மூடுபனி ஊர்களில் சாதாரணம். ஏப்ரல், ஒக்டோபர் இடி மின்னலில் பவர் சப்ளை போகும், அதை மட்டும் மாற்றிக் கொடுப்போம். ஒட்டின மெஷினில் சேமிப்புச் சில்லு செத்தால் போட்டையே மாற்ற வேண்டும், அந்தப் போட் தேடினாலும் கிடைக்காது.

என் வாக்கு: பூட்டு கணினி.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

மன்னிக்கவும், எங்களுக்குப் பூட்டு என்றால் சாவி போட்டுத் திறப்பது. பூட்டுக் கணினி என்று படித்தால் திறக்கவே முடியாத கணினி என்று நேர்மாறாக அல்லவா புரியும்! கழல்கணினி என்று வைத்துப் பாருங்கள், சுருக்கமாக இருக்கிறது.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கழல்கணினி கூடவே கூடாது. கழல் தன்வினை, கழற்று பிறவினை. சுழல், சுழற்று போல. அகப்பாடல்களில் தலைவி மெலிந்தால் வளை தானாகக் கழலும், யாரும் கழற்றுவதில்லை. கழல்கணினி என்றால் தானாகவே உதிர்ந்து விழுகிற கணினி என்றாகும்.

பூட்டு என்பதைத் தம்பி சரியான இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார். ஏர் பூட்டினார்கள், வண்டி பூட்டினார்கள், வில்லுக்கு நாண் பூட்டினார்கள். இவையெல்லாம் கோயம்புத்தூரிலும் வழங்கியவைதானே? இணைப்பது என்பதே அங்கும் பொருள். 'பூட்டுகணினி' என்று ஒற்று மிகாமல் எழுதினால் வினைத்தொகை: பூட்டிய, பூட்டுகிற, பூட்டும் கணினி என மூன்று காலமும் அடங்கும். ஊறுகாய், சுடுகாடு போல. 'பூட்டுக்கணினி' என்று ஒற்று மிகுந்தால் பூட்டு பெயர்ச்சொல்லாகிவிடும், அங்கேதான் சாவி வருகிறது.

ஹட்டன் ஆசிரியை:

ஐயா, இலக்கணம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு க் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் என்ற சொல்லை ரோனியோ தாளில் அச்சடித்துப் பெற்றோர் கையில் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அச்சகத்தார் ஒற்றைச் சேர்ப்பதும் விடுவதும் நமக்குத் தெரிந்ததே.

நுவரெலியா, மொழிபெயர்ப்பாளர்:

சொல்லுக்கு முன் பொருளைச் சரிபார்ப்போம். கடையில் பூட்டியதெல்லாம் என்றைக்கும் மேம்படுத்தலாம் என்று பெற்றோர் நம்பிவிடக்கூடாது. பழைய டிடிஆர்3 வகை றாம், அடுத்து வந்த டிடிஆர்4 வகைக்கான இடத்தில் பொருந்தாது, வெட்டுப்பள்ளமே வேறு. இன்டெல் நிறுவனத்தின் மையச் சில்லுகளுக்கு, அவை போட்டில் பொருந்தும் சொக்கெட் அடிக்கடி மாறியது. அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2016இல் கொண்டுவந்த ஏஎம்4 சொக்கெட்டில் 2022இல் வந்த சில்லையும் போட முடிந்தது. கடையில் எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. பெட்டியும் பவர் சப்ளையும் நீடிப்பதற்குக் காரணம் 1995இல் வந்த ஏடிஎக்ஸ் என்ற பொது அளவுமுறை. திருகுத் துளைகள் அன்றிலிருந்து பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

ஒட்டிய மெஷினுக்கும் நியாயம் உண்டு. மின்சாரம் குறைவாகத் தின்னும். இன்டெல் என்100 சில்லின் கணக்கு 6 வாட்தான். றாமைக் கழற்றிக்கொண்டு போகிற திருட்டும் அதில் இல்லை. இதையும் குறிப்பில் எழுதுங்கள்.

"உள்நாட்டு உற்பத்தி" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, பூட்டுவதுதான் இங்கே. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை போனபோது முழு மெஷின் வாங்க வழியில்லாமல் பழையதைத் திருத்தி ஓட்டியவர்கள் எத்தனை பேர்! என் வாக்கு: திருத்தகு கணினி, திருத்தத் தக்கது என்ற பொருளில்.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

திருத்தகு என்றால் திரு தகு, செல்வம் பொருந்திய என்று பிரியும்.

பதுளை, கணினி திருத்துபவர்:

ஐயா, அதை அப்படிப் பிரிக்க எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

தலவாக்கலை, நூலகர்:

சிலர் தூய தமிழ் கேட்கிறார்கள், சிலர் விளங்கும் தமிழ் கேட்கிறார்கள். நாம் இன்னும் பௌதிகவியல், இரசாயனவியல் என்றுதான் பரீட்சை எழுதுகிறோம். தமிழ்நாட்டில் இயற்பியல், வேதியியல். அந்தச் சொற்களால் நம் பிள்ளைகள் குறைந்துபோகவில்லை, ஆனால் இரண்டு கரையாரும் ஒரே புத்தகத்தை வாசிக்கும்போது தடுமாறுகிறார்கள். ஆகவே கோயம்புத்தூர் நண்பர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

ஒட்டிய மெஷினைப் பெற்றோருக்கு விளக்கத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, சொல்லலாம். ஒரே கூரை, ஒரே சுவர். ஒரு காம்பராவை (அறையை) மட்டும் பெருப்பிக்க முடியாது. குறிப்பில் இந்த ஒரு வரி போதும், பெயர் எதுவானாலும் விளங்கும்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

இணைகணினி?

நுவரெலியா, மொழிபெயர்ப்பாளர்:

அது ஒருங்கிணைந்ததற்குத்தான் போகும்.

ஹட்டன் ஆசிரியை:

சரி, நேரமாகிவிட்டது. குறிப்பில் "கழற்றிப் பூட்டும் கணினி" என்றும் "ஒட்டிய கணினி" என்றும் போடுகிறேன். முதலாவது நீளம்தான், ஆனால் கழற்று என்பது பக்கத்திலேயே நிற்பதால் பூட்டு எந்தப் பூட்டு என்ற சந்தேகம் வராது. பதுளை, தலவாக்கலை, நுவரெலியா மூவரும் தொலைபேசியில் ஒத்துக்கொண்டார்கள். பெயருக்குக் கீழே பெட்டி கட்டி மூன்று கேள்வி: றாமை மாற்றலாமா? டிஸ்க்கை மாற்றலாமா? பவர் சப்ளை பழுதானால் பதுளையிலோ கண்டியிலோ வேறு கிடைக்குமா? இரண்டு மெஷினுக்கும் ஆம், இல்லை என்று எழுதிவிடுகிறேன். மின்சாரச் செலவும் திருட்டும்கூட வரும்.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், அச்சுக்குக் கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அது சொற்றொடர், கலைச்சொல் அல்ல. அடுத்த வருடம் யாராவது பாடநூலுக்கு எழுதும்போது திரும்ப இதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். பூட்டுகணினி, ஒற்று மிகாமல், என் பெயரில் பதிவில் இருக்கட்டும். கணியன் பற்றிய மடலை நாளை அனுப்புகிறேன்.