நாட்டுப்பெயர் மயக்கம்: ‘மயங்குபெயர்’, ‘இனச்சுட்டடை’ என இரு பரிந்துரைகள்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள நேரும் நாட்டுப்பெயர்களுக்குக் ‘குழப்பப்பெயர்’, ‘இணைப்பெயர்’ என்னும் இரண்டும் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

> நைஜரும் நைஜீரியாவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவைதாமே? ‘இணைப்பெயர்’ பொருந்தும்.

அந்த இரண்டுக்கு மட்டும் பொருந்தும், ஐயா. நைஜர் ஆற்றின் பெயரால் அமைந்தவை அவை, அடுத்தடுத்த நாடுகள், 1960-இல் சில வார இடைவெளியில் விடுதலை பெற்றவை. ஆனால் ஆஸ்திரியா என்ற பெயரின் அடியில் இருப்பது கிழக்கு; ஆஸ்திரேலியாவின் அடியில் இருப்பது தெற்கு. அமெரிக்க மாநிலமான ஜார்ஜியா இரண்டாம் ஜார்ஜ் மன்னர் பெயரைத் தாங்கியது. காக்கசஸ் நாடான ஜார்ஜியாவைச் சொந்த மக்கள் அழைப்பது ‘சகார்த்வேலோ’ என்று. இவற்றை ‘இணை’ என்று எழுதினால் இல்லாத உறவை நாமே கற்பிக்கிறோம். கலைச்சொல் செய்யக்கூடாத தவறு அது.

‘குழப்பப்பெயர்’ என்றால் பெயரே குழம்பிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. சுலோவாக்கியா என்ற பெயரில் ஒரு குழப்பமும் இல்லை. சுலோவீனியாவை அருகில் வைக்கும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. இதற்கு நம் இலக்கணத்தில் ஆயத்தமாக ஒரு வேர் உண்டு. ண, ன போன்ற எழுத்துகளை மயங்கொலி என்கிறோம். வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்கிறோம். அவ்வழியில் மயங்குபெயர். வினைத்தொகையாதலால் முன்பு மயங்கிய பெயரையும் இனி மயங்கும் பெயரையும் அதுவே சுட்டும். சுவாசிலாந்து 2018-இல் எஸ்வாத்தினி ஆனபோது, தம் நாட்டை வெளிநாட்டார் சுவிட்சர்லாந்து என்று எண்ணிவிடுவதையும் அதன் மன்னர் ஒரு காரணமாகச் சொன்னார். அது மயங்கிய பெயர்.

இன்னொன்று, நம் எழுத்தைச் சார்ந்தது. காம்பியாவின் ஆங்கிலப் பெயருக்கு முன்னால் ‘The’ என்ற சுட்டு நிற்கிறது. சாம்பியாவிலிருந்து பிரித்துக் காட்டவும் அது உதவுகிறது. தமிழில் அதற்கு இடமில்லை. முதலெழுத்து ஒன்றுதான் காவல். கானா, கயானா நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆகவே ஆங்கிலப் பட்டியலை அப்படியே பெயர்த்தால் போதாது. தமிழ் எழுத்தில் மயங்குபவற்றுக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

பெயர் முழுவதும் ஒன்றாகவே இருந்தால் எழுத்துக் கவனம் உதவாது. அப்போது சேர்க்கும் முன்னொட்டுக்கும் ஒரு சொல் தேவை. செந்தாமரையில் ‘செம்மை’ வெண்தாமரையை விலக்குகிறது. அது இனமுள்ள அடை, அதாவது அதே வகையில் வேறொன்று இருக்க, அதை விலக்கப் பெயரோடு சேரும் சொல். செஞ்ஞாயிற்றில் விலக்க வேறு ஞாயிறு இல்லை. அது இனமில்லா அடை. நமக்கு வேண்டியது முன்னது, எனவே இனச்சுட்டடை. வட மாசிடோனியாவின் ‘வட’ இதற்குத் தெளிவான சான்று. தென் மாசிடோனியா என்று ஒரு நாடு இல்லை. ஆனால் கிரேக்கத்தில் மாசிடோனியா என்ற பகுதி உண்டு. அதை விலக்கவே 2018 பிரெஸ்பா உடன்பாட்டின்படி அந்த அடை சேர்ந்தது, 2019-இல் நடைமுறைக்கும் வந்தது.

கினிகள்தான் கடினம். கினி-பிசாவு, எக்குவடோரியல் கினி, பப்புவா நியூ கினி மூன்றுக்கும் அடை உண்டு. முன்னாள் பிரெஞ்சுக் குடியேற்றமான கினி மட்டும் வெறுமனே நிற்கிறது. அடையற்ற பெயரே அதிகம் மயக்கும் என்பது என் கருத்து. அதற்கும் தலைநகரைச் சேர்த்துக் ‘கொனாக்ரி கினி’ என எழுதலாம்.

காங்கோ என்றே பெயர் கொண்ட இரு நாடுகளுக்கும் தலைநகரைச் சேர்க்கும் இதே முறை: ‘கின்ஷாசா காங்கோ’, ‘பிராசவில் காங்கோ’. தமிழில் அடை முன்னே வருவதே இயல்பு. ஆனால் அகரவரிசையில் இரண்டும் கி, பி எனப் பிரிந்துபோகும். பட்டியல்களில் மட்டும் ‘காங்கோ, கின்ஷாசா’ எனத் திருப்பி எழுதலாமா என்பதில் உங்கள் முடிவு தேவை. ‘மயங்குபெயர்’, ‘இனச்சுட்டடை’ ஆகிய இரு சொற்களுக்கும் மறுப்பிருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்