மசாலா ஹாட் சாக்லேட்: எதை எப்போது போடுவது?

மாலைக்கோப்பை:
400 மி.லி. பால், 2 மேசைக்கரண்டி கோகோ தூள், அதே அளவு வெல்லம், அரை தேக்கரண்டி பட்டைத்தூள், கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் இஞ்சி. எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் கோகோ கட்டியாக மிதக்கிறது, ஆற ஆறக் கொழகொழக்கிறது, காரம் தொண்டையில் மட்டும் நிற்கிறது. பாலும் அடிக்கடி திரிகிறது. மெக்சிகோ பாணியில் வர என்ன செய்ய வேண்டும்?

கசப்பு70:
கோகோ தூள் கரையாது, கலந்து மிதக்கும், அவ்வளவுதான். அதில் கொழுப்பு இருப்பதால் பாலில் நேராகக் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து உருண்டை பிடிக்கும். முதலில் தூளில் (வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை என்றால் அதையும் உலர்வாகவே கலந்து) 4 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு விழுதாக்குங்கள். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, குறைந்த தீயில் 2 நிமிடம் கிளறினால் கோகோவில் உள்ள மாவுச்சத்து வெந்து கெட்டிப்படும், அடியில் தங்குவதும் குறையும். கொஞ்சம் வண்டல் எப்படியும் இருக்கும்.

பாதி தூளுக்குப் பதில் 70% டார்க் சாக்லேட் 30 கிராம் போட்டால் சுவை வேறு தரம். நறுக்கிச் சூடான பாலில் போடுங்கள். தனியாக உருக்கும்போது ஒரு சொட்டு தண்ணீர் பட்டாலும் மணல் மாதிரி இறுகிவிடும்.

நுரைக்கு மெக்சிகோவில் மொலினியோ என்ற மரக்கடைசலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவார்கள். நம் சிறிய மத்தே போதும்.

மரப்பட்டை:
கொழகொழப்புக்குக் காரணம் பட்டைத்தூள். அதில் உள்ள வழவழப்புப் பசை சூட்டில் ஊறிவிடும். தூளை விட்டுவிட்டு, 5 செ.மீ. குச்சி ஒன்றைப் பாலில் 10 நிமிடம் மெல்லிய தீயில் வைத்து எடுத்துவிடுங்கள்.

எந்தப் பட்டை என்பதும் முக்கியம். கடையில் தடிமனாக, ஒற்றைச் சுருளாக, உடைக்கவே கஷ்டமாக இருப்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு வகைப் பட்டை. இலங்கைக் கறுவா மரத்தின் உள்பட்டை தாள் தாளாகச் சுருண்டு, விரலிலேயே நொறுங்கும். மெக்சிகோக்காரர்கள் சாக்லேட்டில் விரும்பிப் போடுவது இந்த இலங்கைப் பட்டையைத்தான். காசியாவில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், தினமும் குடிப்பவர்கள் கல்லீரலை நினைத்தாவது மாற்றுவது நல்லது.

மிளகாய்த்தூள் வேண்டாம். அங்கே ஆஞ்சோ போன்ற காரம் குறைந்த வற்றல். இங்கே பியாடகி 1 எடுத்து, விதையை உதறி, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வாட்டி, பட்டையோடு போட்டு எடுங்கள். கருகினால் அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது.

கசப்பு70:
விதையை உதறினால் மட்டும் போதாது. காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பில்தான். அதையும் கிள்ளி எடுக்க வேண்டும். அந்தக் காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆடை நீக்கிய பாலில் செய்தால் தொண்டையைப் பிடிப்பது அதனால்தான். கொழுப்பு நீக்காத பால் வாங்குங்கள்.

சுக்குமல்லி:
பால் திரிய இரண்டு காரணம். பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. இஞ்சியைத் தட்டி, 50 மி.லி. தண்ணீரில் 3 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழக்கும், பிறகு பாலில் சேர்க்கலாம். சுக்குத்தூள் என்றால் ஒரு சிட்டிகை. வெல்லத்தில் புளிப்பு இருந்தால் கொதிக்கும் பால் திரியும். அடுப்பை அணைத்து, 2 நிமிடம் ஆறவிட்டு, பொடித்த வெல்லத்தைக் கலக்குங்கள்.

மாலைக்கோப்பை:
நன்றி! ஏலக்காய், வனிலா சேர்க்கலாமா?

மரப்பட்டை:
வனிலா மெக்சிகோ மண்ணின் ஆர்க்கிட் கொடி, கோகோவுக்குப் பழைய துணை. பச்சைக் காய்க்கு மணம் கிடையாது, வாட்டிப் பதப்படுத்திய பிறகே வரும். காய் கிடைத்தால் கீறி, பட்டையோடு பாலில் போடுங்கள். எசென்ஸ் என்றால் இறக்கிய பிறகு கால் தேக்கரண்டி, கொதியில் ஊற்றினால் மணம் ஆவியாகிவிடும்.

ஏலக்காய் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு, மெக்சிகோ பாணியில் வராது. பிடித்தால் 2 காயின் அரிசியை மட்டும் பொடித்துக் கடைசியில் தூவுங்கள். மிளகாய் போட்ட அன்று விட்டுவிடுவேன், இரண்டும் ஒன்றையொன்று அமுக்கும். உப்பு ஒரு சிட்டிகை மறக்காதீர்கள்.