நர்ஸ் வேலையோடு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸும் எடுக்கலாமா? வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 26. கார் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அப்பா லாரி ஓட்டியவர். அதனால் பெரிய வண்டி என்றால் எனக்குப் பயம் கிடையாது.

எங்கள் ஆம்புலன்ஸுக்கு ஒரே டிரைவர். அவர் லீவு போட்டால் திண்டாட்டம்தான். போன வாரம் நிர்வாகத்தில் கூப்பிட்டு, "டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் எடுத்துடும்மா, மாசம் 4,000 சேர்த்துத் தர்றோம். நீயே ஓட்டலாம், பேஷண்டையும் நீயே பார்த்துக்கலாம்" என்றார்கள். வீட்டில் கடன் இருக்கிறது, பணம் தேவைதான். ஆனால் மனசு ஒப்பவில்லை.

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ், அதாவது வணிக வண்டி ஓட்டும் உரிமம், எடுத்தால் நர்ஸ் பதிவுக்கு ஏதாவது சிக்கல் வருமா? சித்தப்பா லாரி, பஸ் ஓட்டும் ஹெவி லைசென்ஸே எடு என்கிறார், டிரைவிங் ஸ்கூலில் பேட்ஜ் (டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டும் அனுமதி) வேண்டும் என்கிறார்கள். எது சரி? நைட் டூட்டி முடித்த காலையில் வண்டி எடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

பாலாற்றங்கரை:
தங்கச்சி, நானும் ஜிஎன்எம்தான். ஆறு வருடம் ஆம்புலன்ஸும் ஓட்டியிருக்கிறேன்.

நர்ஸ் பதிவுக்கு ஒரு சிக்கலும் வராது. அது வேறு சட்டம், இது மோட்டார் வாகனச் சட்டம். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கவுன்சில் பதிவும் 5 வருடக் கணக்குதான், அதற்கு 150 மணி நேரத் தொடர் கல்வி காட்ட வேண்டும். இரண்டு தேதியையும் ஒரே காகிதத்தில் எழுதி பீரோவில் ஒட்டிவிடுங்கள்.

ஹெவி இப்போது வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு எல்எம்வி (கார் போன்ற இலகுரக வண்டி) லைசென்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2017-இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. நம் பக்கம் ஓடும் வேன் ஆம்புலன்ஸ்கள் அந்த எடைக்குள்தான் வரும். ஆனால் 108-இல் டிரைவர் வேலைக்கு எல்எம்வி எடுத்து 3 வருடம், பேட்ஜ் எடுத்து 1 வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பின்னால் அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே எடுத்து வைப்பது நல்லது. எல்எம்வி எடுத்து ஒரு வருடம் ஆனவர்களுக்குத்தான் டிரான்ஸ்போர்ட் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கிடைக்கும். உங்களுக்கு அது ஆகிவிட்டது. டிரைவிங் ஸ்கூலின் படிவம் 5, டாக்டர் தரும் படிவம் 1ஏ இரண்டும் வேண்டும். எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழித்து டெஸ்ட்.

இனி, உங்கள் மனசு ஒப்பாத விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பாதது சரிதான். எனக்கும் இதே மாதிரி "நீயே ஓட்டு, நீயே பார்" என்றுதான் சொன்னார்கள். ஒரு ராத்திரி ஆம்பூரிலிருந்து ஒரு பெரியவரை வேலூருக்குக் கொண்டுவந்தேன். பக்கவாதம், அரை மயக்கம். பின்னால் அவருடைய மகள் மட்டும். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் அந்தப் பெண் கேபின் கண்ணாடியைத் தட்டி அலறினாள். திரும்பிப் பார்த்தால் பெரியவர் வாந்தி எடுத்து, மூச்சுக்குழாயில் ஏறி, முகம் நீலம் பாய்கிறது. ஓரம் கட்டி, கதவைத் திறந்து, ஒருக்களித்துப் போட்டு, சக்ஷன் (உறிஞ்சும் கருவி) வைத்து எடுத்தேன். லாரிகள் போகிற போக்கில் வண்டியே ஆடியது. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) ஏறியதும் மறுபடி ஸ்டியரிங்குக்கு ஓடினேன். அடுத்த 20 கிலோமீட்டரும் என் கண் ரோட்டில் பாதி, பின் கண்ணாடியில் பாதி. பெரியவர் பிழைத்தார். ஆனால் அன்று நான் நர்ஸாகவும் இல்லை, டிரைவராகவும் இல்லை. 108-இல் ஏன் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர் என்று இரண்டு பேரை வைக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

லைசென்ஸ் கண்டிப்பாக எடுங்கள். ஆனால் "நான் ஓட்டும் டிரிப்பில் பின்னால் வேறு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும், நான் பின்னால் இருந்தால் வேறு ஒருவர் ஓட்ட வேண்டும்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீனியர் சிஸ்டர், தொரப்பாடி:
அவர் சொன்னதற்கு மேல் ஒன்று மட்டும். நைட் முடித்த காலையில் வண்டியைத் தொடாதேம்மா. 22 வருட சர்வீஸ் எனக்கு. ஒரு நாள் நைட் முடித்து ஸ்கூட்டியில் வரும்போது கண் திறந்திருக்கத் திறந்திருக்க அசந்துபோய் சென்டர் மீடியனில் உரசினேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் காலை நேரத்தில் பின்னால் ஒரு நோயாளியும் இருந்தால் யோசித்துப் பார். டூட்டி லிஸ்ட்டில் டிரைவர் நாள், நர்ஸ் நாள் என்று தனித்தனியாகப் போடச் சொல். மறுத்தால் அந்த 4,000 வேண்டாம்.

குடியாத்தம் பெண்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்றே நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் போய் நின்றேன். டூட்டியைப் பிரித்துப் போடவும், ஒவ்வொரு டிரிப்பிலும் இரண்டு பேர் இருக்கவும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், பதில் இன்னும் வரவில்லை. எது எப்படியானாலும் எல்எல்ஆர் போடப் போகிறேன், டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டேன். அண்ணா, இன்னொன்று: ஓட்டுகிற நாளில் கிளம்பும் முன் ஆக்சிஜன் பார்ப்பது யார் பொறுப்பு?

பாலாற்றங்கரை:
பின்னால் உட்காரும் நர்ஸ்தான் பார்க்க வேண்டும். ஆனால் நீங்களும் பாருங்கள் தங்கச்சி. சிலிண்டர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது, ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் லாக் விழுந்திருக்கிறதா, இந்த மூன்றையும் பார்க்க ஒரு நிமிஷம் போதும். சிலிண்டர் திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் முதல் நாளே பார்த்து வைத்துவிடுங்கள். எங்கள் வண்டியில் ஒரு முறை அது டிரைவர் பாக்கெட்டிலேயே வீட்டுக்குப் போய்விட்டது.