1818-இல் வெளிவந்த ஆங்கில நூல்கள்: முகப்பில் அச்சிட்ட ஆண்டை நம்பலாமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஆண்டில் வெளிவந்த நூல்களை அடுத்தடுத்துப் படித்துப் பார்ப்பது என்று எங்கள் வாசகர் வட்டத்தில் முடிவு செய்து, 1818-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, கீட்ஸின் ‘என்டிமியன்’, பைரனின் ‘சைல்ட் ஹெரால்ட்’ நான்காம் காண்டம், பெர்சி ஷெல்லியின் ‘ஓசிமாண்டியஸ்’ ஆகியவற்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் ஜேன் ஆஸ்டினிடம்தான் தொடங்கியது. ‘நார்த்தாங்கர் அபே’, ‘பெர்சுவேஷன்’ இரண்டையும் சில பட்டியல்கள் 1817-இலும் வேறு சில 1818-இலும் வைக்கின்றன. வால்டர் ஸ்காட்டின் ‘ராப் ராய்’ நாவலுக்கும் இதே நிலைதான். இவற்றைச் சேர்ப்பதா, விடுவதா? ஒரே நூலுக்கு இரண்டு ஆண்டுகள் எப்படி வந்தன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழம்பதிப்பு எழுதியது:

வணக்கம். இரண்டு வகைப் பட்டியல்களும் சரியானவையே. ஒன்று நூல் கடைக்கு வந்த நாளைப் பார்க்கிறது, மற்றது முகப்புப் பக்கத்தைப் பார்க்கிறது. ஆஸ்டினின் அந்த இரு நாவல்களையும் நான்கு தொகுதிகள் கொண்ட ஒரே தொகுப்பாக லண்டன் பதிப்பாளர் ஜான் மரே 1817 டிசம்பர் இறுதியில் வெளியிட்டார். ஆனால் முகப்பில் 1818 என்றே அச்சிட்டார். ஆண்டின் கடைசி வாரங்களில் வரும் நூலில் நடப்பு ஆண்டைப் போட்டால், ஜனவரி பிறந்தவுடனே அது ‘போன வருடத்துப் புத்தகம்’ ஆகிவிடும் என்பதால், அடுத்த ஆண்டைப் போடுவது அன்றைய புத்தக வணிகத்தில் பரவலான வழக்கம். இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதுமன்று. தத்துவஞானி ஷோப்பன்ஹவரின் தலையாய நூல் 1818 இறுதியிலேயே ஜெர்மனியில் வெளிவந்துவிட்டது, அதன் முகப்பிலோ 1819 என்றிருக்கிறது.

‘ராப் ராய்’ இன்னும் வேடிக்கையானது. அது எடின்பரோவில் 1817 டிசம்பர் 30 அன்று வெளியானது. லண்டன் வாசகர்கள் கையில் கிடைத்தது அடுத்த ஜனவரியில். ஆக, ஸ்காட்லாந்துக்காரருக்கு அது 1817-ஆம் ஆண்டின் நாவல், லண்டன்காரருக்கு 1818-ஆம் ஆண்டின் நாவல். முதல் அச்சே 10,000 பிரதிகள் என்பதால், 1818-இல் ஆங்கிலம் படித்தவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்டால் இந்த நாவலை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல்லவே முடியாது. ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே ஜனவரியின் முதல் நாளன்று வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 500 பிரதிகள்தாம்.

என் கருத்து, இரண்டையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே. பதிப்பாளரே 1818 என்று அச்சிட்டிருக்கும்போது நாம் ஏன் அவரைவிடக் கறாராக இருக்க வேண்டும்?

தாளுறை எழுதியது:

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் ஆஸ்டினைப் பொறுத்தவரை 1817-ஆ, 1818-ஆ என்பது சிறிய கேள்வி என்று தோன்றுகிறது. ‘நார்த்தாங்கர் அபே’யின் கையெழுத்துப் படி ‘சூசன்’ என்ற தலைப்பில் 1803-இலேயே கிராஸ்பி என்ற பதிப்பாளரிடம் 10 பவுனுக்கு விற்கப்பட்டுவிட்டது. அவர் அதை விளம்பரம் செய்தாரே தவிர அச்சிடவில்லை. 1816-இல் ஆஸ்டின் குடும்பத்தார் அதே 10 பவுனைக் கொடுத்து அதைத் திரும்பப் பெற்றார்கள். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ எழுதியவரின் படைப்புதான் தம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது என்பது கிராஸ்பிக்குத் தெரிந்திருந்தால் இந்த விலைக்குக் கொடுத்திருப்பாரா என்பது ஐயமே. நாவலின் தொடக்கத்தில் ஆஸ்டின் ஒரு சிறு அறிவிப்பை எழுதி வைத்திருக்கிறார். இது 1803-இல் முடிக்கப்பட்டது, அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன, இதற்கிடையில் இடங்களும் பழக்கவழக்கங்களும் நூல்களும் கருத்துகளும் பெரிதும் மாறியிருக்கின்றன என்று அதில் வாசகருக்கு நினைவூட்டுகிறார். கதாநாயகி படித்து நடுங்கும் பேய் மாளிகை நாவல்கள் 1790-களின் மோகம் என்பதை மனத்தில் கொண்டால் அந்த எச்சரிக்கையின் தேவை புரியும். ஆனால் அதனுடன் சேர்த்து விற்கப்பட்ட ‘பெர்சுவேஷன்’ 1816-இல் எழுதி முடிக்கப்பட்டது. நெப்போலியப் போர் ஓய்ந்து கடற்படை அதிகாரிகள் கரைக்குத் திரும்பும் காலத்தில் நடப்பது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு கதைகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கிறது. ஆகவே உங்கள் வட்டத்தில் ‘பெர்சுவேஷன்’ மட்டும் படித்தாலும் போதும் என்பேன். மற்றது மனத்தளவில் முந்தைய நூற்றாண்டுக்காரி.

ஆயினும் அந்தத் தொகுப்பின் முன்னுரையைத் தவறவிடாதீர்கள். ஆஸ்டின் 1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் எந்த நாவலிலும் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. இத்தொகுப்பில் சகோதரர் ஹென்றி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில்தான் அந்தப் பெயர் முதன்முதலாக வெளிப்படையாக வருகிறது. அப்போதும் முகப்புப் பக்கம் பழையபடி, இன்ன நாவல்களின் ஆசிரியர் எழுதியது என்று மட்டுமே சொல்கிறது.

ஆறாம்நிழல் எழுதியது:

நண்பர்கள் புத்தகங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள்; பத்திரிகைகளில் இந்தக் குழப்பம் எதிர்த்திசையில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகம் தன் மேல் அச்சிட்ட ஆண்டுக்கு முந்தியே வந்தது என்றால், காலாண்டிதழ் தன் மேல் அச்சிட்ட தேதிக்குப் பின்தங்கி வந்தது. கீட்ஸின் ‘என்டிமியன்’ நூலை நையாண்டி செய்த புகழ்பெற்ற மதிப்புரை ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’வின் 1818 ஏப்ரல் இதழில் இருக்கிறது. ஆனால் அந்த ஏப்ரல் இதழ் வாசகர்களை அடைந்தது செப்டம்பரில். கீட்ஸ் தம் முன்னுரைக்கு இட்ட தேதியே ஏப்ரல் 10 என்பதால், இதழின் அட்டையை நம்பினால் மை காய்வதற்கு முன்பே மதிப்புரை வந்துவிட்டதாகக் கணக்காகும். அதை எழுதிய குரோக்கர், நான்கு பகுதிகள் கொண்ட அக்கவிதையின் முதல் பகுதியைத் தாண்டித் தம்மால் செல்ல முடியவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டே தீர்ப்பு வழங்கினார். அந்த நேர்மையை மட்டும் பாராட்டலாம். ‘பிளாக்வுட்ஸ்’ இதழின் ஆகஸ்ட் தாக்குதல் இதைவிடக் கொடியது. மருந்தாளர் பயிற்சி பெற்றிருந்த அந்த இளைஞரை, கவிதையை விட்டுவிட்டு மாத்திரைக்கும் களிம்புக்கும் திரும்பிப் போகச் சொன்னது.

ஆகவே, தேதிகளைப் பொறுத்தவரை பத்திரிகைகளிலும் நாள், வார இதழ்களை மட்டுமே முழுமையாக நம்பலாம். ‘ஓசிமாண்டியஸ்’ ‘எக்ஸாமினர்’ வார இதழில் 1818 ஜனவரி 11 அன்று வந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அங்கும் பெர்சி ஷெல்லி தம் பெயரை இடாமல் ‘கிளிராஸ்டிஸ்’ என்ற புனைபெயரிலேயே வெளியிட்டார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ‘பெர்சுவேஷன்’, ‘ராப் ராய்’ இரண்டையும் சேர்த்துவிட்டேன். ஒரு துணைக் கேள்வி: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்குக் கடைகளில் கிடைக்கும் எந்தப் பதிப்பை வாங்கினாலும் அது 1818-இன் நூல்தானே?

பழம்பதிப்பு எழுதியது:

இல்லை, இதில் கவனம் தேவை. மேரி ஷெல்லி 1831-இல் அந்த நாவலைத் திருத்தி ஒரே தொகுதியாக வெளியிட்டார். நெடுங்காலம் உலகம் படித்ததும், இன்றும் பல மலிவுப் பதிப்புகளில் இருப்பதும் அந்தத் திருத்திய வடிவமே. வேறுபாடுகள் அற்பமானவை அல்ல. 1818-இல் எலிசபெத், கதாநாயகன் விக்டரின் அத்தை மகள். 1831-இல் இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பெண். பிந்தைய வடிவத்தில் விக்டர் அடிக்கடி விதியின் மேல் பழியைப் போடுகிறான். முதல் வடிவத்தில் அவனுடைய தவறுக்கு அவனே கூடுதலாகப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. எனக்கு முதல் வடிவமே பிடிக்கும்.

ஜெனீவாவில் 1816 கோடையில் நடந்த பேய்க்கதைப் போட்டியை விவரிக்கும் ஆசிரியரின் அறிமுகவுரை 1831-க்காக எழுதப்பட்டது. ஆனால் சில பதிப்பகங்கள் அதை 1818 வடிவத்துடனும் இணைத்து வெளியிடுவதால், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அத்தியாய எண்களைப் பாருங்கள். 1 முதல் 24 வரை தொடர்ச்சியாகச் சென்றால் அது 1831-இன் வடிவம்; மூன்று தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.